தோண்டலாமா, நகரலாமா? மெட்டல் டிடெக்டர் சிக்னலை அறிகுறி பார்த்துத் தீர்மானிக்கும் முறை

களைக்கொத்தியைக் கையில் எடுப்பதா, அடுத்த அடி வைப்பதா என்று யோசித்து நிற்கும் அரை நிமிடத்துக்கான குறிப்பு இது. மெட்டல் டிடெக்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் திரையில் வரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எண் பெரிதென்றால் குழி, சிறிதென்றால் நடை. அப்படியே போனால் பை நிறையத் துருப்பிடித்த சோடா மூடிதான் சேரும், நல்லது மண்ணிலேயே கிடக்கும். எண் என்பது மண்ணில் இருப்பது என்ன உலோகம் என்ற கருவியின் ஊகம், அவ்வளவுதான். காயில், அதாவது தடியின் அடியில் உலோகத்தை உணரும் தட்டு, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒலி அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

எண்களின் அளவுகோல் கருவிக்குக் கருவி மாறும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற கருவி -9 முதல் 40 வரை காட்டும். காரெட் ஏஸ் 400 போன்றவை 99 வரை போகும். அதனால் இங்கே தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த எண் என்று மட்டும் சொல்கிறேன். தாழ்வில் இரும்பு, அதற்கு மேல் மெல்லிய அலுமினியத் தாள், நடுவில் கேன் வளையமும் (பானக் கேனைத் திறக்க இழுக்கும் வளையம்) பல மோதிரங்களும், மேலே செம்பும் வெள்ளியும். உங்கள் கருவியில் எது எங்கே விழுகிறது என்பதை ஒரு நாணயம், ஒரு ஆணி, ஒரு கேன் வளையம், ஒரு சோடா மூடி ஆகியவற்றைத் தரையில் போட்டு ஒருமுறை காதால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## காயிலை அசைக்காமல் பிடித்தாலும் கத்துகிறது

மண்ணில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இப்படிக் கத்தும். தோண்டுகிற பேச்சே வேண்டாம், முதலில் கருவியை அமைதிப்படுத்துங்கள்.

சட்டைப்பையில் இருக்கும் செல்போன்தான் முதல் சந்தேகம். அதை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். ஓய்ந்ததா? விஷயம் முடிந்தது. ஓயவில்லையென்றால் சுற்றிலும் பாருங்கள்: மேலே மின்கம்பி போகிறதா, பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டரோடு நிற்கிறாரா, வேலியில் மின்சாரம் ஓடுகிறதா? மின்வேலியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று என்று தாளம் தப்பாமல் 'டிக்' வரும். வெளி மின் இரைச்சலை ஒதுக்கும் நாய்ஸ் கேன்சல் பொத்தான் இருந்தால் அழுத்தி வேறு சேனலுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) படிப்படியாகக் குறையுங்கள். முழு சென்சிட்டிவிட்டியில் இரைந்துகொண்டே இருக்கும் கருவியைவிட, முக்காலில் அமைதியாக இருப்பது ஆழத்திலுள்ளதை நன்றாகக் காட்டும். புதியவர்கள் இதை லேசில் நம்புவதில்லை.

இடம் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு கருவியில்தான். பேட்டரியில் தொடங்குங்கள். அடுத்து, கேபிள் தடியில் தளர்வாகத் தொங்கிக் காயிலுக்கு மேலே ஆடுகிறதா என்று பார்த்து இறுக்கிச் சுற்றுங்கள். காயில் கவரைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலைத் தட்டுங்கள். பிளக்கில் ஈரம் இருந்தால் உலர்த்துங்கள். எல்லாம் சரி என்றால் காயிலுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் அதை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போதெல்லாம் வெடித்தால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது. காயிலைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பிரித்து ஒட்டப் போய் உள்ளதும் போகும். அதே வகைக் காயில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினால் குற்றம் காயிலிலா, கன்ட்ரோல் பாக்ஸிலா என்று தெரிந்துவிடும். பாக்ஸ் என்றால் நேராக சர்வீஸுக்கு.

உங்கள் மேலேயே இருக்கும் இரும்பையும் மறக்க வேண்டாம். எஃகு முனை வைத்த காலணி காயில் வீச்சின் ஓரத்தில் வந்து போனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொய் சிக்னல் கிடைக்கும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய தோட்டாவை அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இந்தக் கருவிகளின் மூதாதை ஒன்றை வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பியதும், மருத்துவர் வலப்பக்கம் மட்டும் தேடவிட்டதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தோட்டா இடப்பக்கம் இருந்தது.

## எங்கே வீசினாலும் ஒரே முனகல், நின்றால் ஓய்கிறது

மண் பேசுகிறது. மண்ணின் குரலைக் கருவி ஒதுக்கும்படி செய்யும் கிரவுண்ட் பேலன்ஸை அந்த இடத்திலேயே மறுபடி செய்யுங்கள். உலோகம் இல்லாத ஒரு திட்டைப் பார்த்து, காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு ஒட்டி மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலான கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும். காலையில் செய்ததே சாயங்காலம் வரை போதும் என்று நினைக்க வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினாலே மண் மாறிவிடும்.

கடலோர ஈர மணலில் இதுவும் போதாது. உப்பு நீரே மின்சாரம் கடத்தும் பொருள். பீச் மோடு அல்லது பல அதிர்வெண் மோடுக்குப் போங்கள். ஒற்றை அதிர்வெண் கருவி மட்டுமே இருந்தால் காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளலாம். பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவி ஈர மணலில் அமைதியாக இருக்கும், ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் அது மகா மோசம். கேட்டதையெல்லாம் தோண்ட மனமிருந்தால்தான் சரிப்படும்.

முனகல் பரவலாக இல்லாமல் அங்கங்கே புள்ளியாக வந்தால், இரும்புச்சத்து மிகுந்த கற்களோ சுட்ட செங்கல் துண்டுகளோ இருக்கலாம். மேலே கிடக்கும் கல்லைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி வீசுங்கள். ஒலி கல்லோடு போய்விட்டால் மேலே நடங்கள். பழைய உலைக்களம் இருந்த இடங்களில் கரிக்கட்டியும் கசடும் நடுத்தரத்துக்குக் கீழே நிலையான எண்ணாகவே காட்டி ஏமாற்றும். இரண்டு மூன்று கரிக்கட்டி தொடர்ந்து வந்தால் அந்த எண்ணை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

## ஒரு திசையில் அருமையான ஒலி, குறுக்கே வீசினால் காணோம்

அதிகம் ஏமாறுவதும் அதிகம் தவறவிடுவதும் இங்கேதான்.

இரண்டு வாய்ப்பு. ஒன்று, படுத்துக் கிடக்கும் ஆணி. அதன் நீளத்தில் காயில் போகும்போது, நுனிகளில் நாணயம் மாதிரியே உயர்ந்த ஒலி கிளம்பும். மற்றொன்று, உண்மையிலேயே ஒரு நாணயம் ஆணிக்குப் பக்கத்தில் கிடந்து, ஒரு பக்கமிருந்து வரும்போது மட்டும் இரும்பின் மறைவிலிருந்து எட்டிப்பார்க்கும். இரண்டும் காதுக்கு ஒன்றேதான். பிரித்துக் காட்டுவது இடம்.

செய்முறை: நல்ல ஒலி வந்த திசையில், ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாமல், காயிலை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஒலியின் உச்சம் எங்கே என்று பார்த்து அந்த இடத்தில் புல்லில் ஒரு கீறல் போடுங்கள். இப்போது அதே புள்ளியை நடுவில் வைத்து அதைச் சுற்றி நடந்தபடியே வீசுங்கள். நேர்குறுக்கே மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுற்றில் எட்டு நிலையிலாவது கேட்க வேண்டும். பிறகு டிஸ்கிரிமினேஷனை (இரும்பு போன்றவற்றை ஒலிக்காமல் மறைக்கும் அமைப்பை) முழுதும் எடுத்து, இரும்பின் தாழ்ந்த உறுமல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, பொருளின் நேர்மையத்தைக் காட்டும் பின்பாயிண்ட் பொத்தானை அழுத்தி, நடுமையம் கீறல் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள்.

உயர்ந்த ஒலி நீங்கள் சுற்றச் சுற்றக் கீறலை விட்டு நகர்கிறது, பின்பாயிண்ட் மையம் அதிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி விழுகிறது: ஆணி. போகலாம்.

ஒலி கரகரத்தாலும் கீறலிலேயே நிற்கிறது, சுற்றில் இரண்டு மூன்று நிலைகளிலாவது திரும்ப வருகிறது: தோண்டுங்கள். எண் எதுவாயினும் கவலை வேண்டாம், இரும்பு அதைக் கீழே இழுத்திருக்கும்.

இரும்பின் உறுமல் ஒரு பக்கத்தில், நல்ல ஒலி இன்னொரு பக்கத்தில்: கண்டிப்பாகத் தோண்டுங்கள். பழைய வீட்டு மனைகளில் மற்றவர்கள் விட்டுப்போன நாணயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கும்.

இன்னும் பிடிபடவில்லையா? ரெகவரி வேகத்தை, அதாவது ஒரு பொருளைக் கேட்டபின் அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகத்தை, கூட்டி ஒருமுறை கேளுங்கள். இரண்டு பொருள் இருந்தால் ஒலியும் இரண்டாகப் பிரியும். அதற்கு மேல் செலவு செய்யத் தயாரென்றால் சின்னக் காயில். ஆணிகள் மண்டிய நிலத்தில் பெரிய காயிலோடு போராடுவது, கோணியைப் போர்த்திக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிற வேலை.

## உயர்ந்த எண், ஆனால் ஓரத்தில் கரகரப்பு

சோடா மூடி. துருப்பிடித்த எஃகுத் தகடு, தட்டை வாஷர், வளையமாக வளைந்த இரும்பு எல்லாம் இதே குடும்பம். காயிலின் நடுவில் வெள்ளிக்காசு மாதிரிப் பேசும்.

நடுவை விட்டு ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். பொருள் காயிலின் முன்நுனிக்குக் கீழே வரும்வரை, சின்னச் சின்ன வீச்சாக வீசியபடியே மெல்லப் பின்னால் இழுங்கள். நாணயமாக இருந்தால் கடைசிவரை ஏறத்தாழ அதே எண்ணைக் காட்டிவிட்டுச் சட்டென்று மௌனமாகும். மூடியாக இருந்தால் எண் சரசரவென்று கீழே இறங்கும், ஒலி உடைந்து, முடிவில் இரும்பு உறுமலாகும். அதிர்வெண் மாற்ற முடிந்த கருவியில் ஒருமுறை மாற்றிப் பார்ப்பதும் உண்டு. மூடியின் எண் மாறுகிற அளவுக்கு நாணயத்தின் எண் மாறாது.

அயர்ன் பயாஸ் என்ற அமைப்பைக் கூட்டினால் மூடிகள் தாமாகவே இரும்பு வரிசைக்குப் போய்விடும். ஆனால் ஆணி பக்கத்தில் கிடக்கும் நாணயத்தையும் அது விழுங்கிவிடும். குப்பை நிறைந்த பூங்காவில் கூட்டலாம், பழைய மனையில் கூட்டக் கூடாது என்பது என் கணக்கு.

இன்னொரு சிக்கல், எஃகுக்கு மேல் வேறு உலோகம் பூசிய இன்றைய நாணயங்கள். அவையும் இதே போலத் தாறுமாறாகத்தான் பேசும். அவற்றை விடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

## நடுத்தர எண், பாறை போல நிலை, எல்லாத் திசையிலும் ஒன்றே

கேன் வளையமா, தங்க மோதிரமா? நேர்மையாகச் சொன்னால், இதைப் பிரிக்க எந்தக் கருவியிலும் சோதனை கிடையாது. கருவி உலோகத்தின் பெயரை அறியாது. கடத்துதிறன், அளவு, கனம் மூன்றும் சேர்ந்து வரும் ஒரு எண்ணைத்தான் காட்டுகிறது. மெல்லிய மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணிலும், தடித்தது கேன் வளையத்தின் எண்ணிலும் விழும். நாக்கு மடங்கிய கேன் வளையம் கொஞ்சம் உடைந்து ஒலிக்கும், மோதிரம் உருண்டையாக ஒலிக்கும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

ஆகவே தீர்ப்பை இடத்திடம் விடுங்கள். குளிக்க இறங்கும் கரை, விளையாட்டுத் திடல், ஊஞ்சலடி மணல் என்றால் மோதிரம் விழ வாய்ப்பு அதிகம், மணலில் தோண்டுவதும் சுலபம். நடுத்தர எண் ஒன்றையும் விடாதீர்கள். கேன்கள் கொட்டிக் கிடக்கும் புல்வெளியில் உடலும் நேரமும் தாங்காது. அங்கே மேலோட்டமாக ஒரே எண்ணில் வரிசையாக வருபவற்றை விட்டு, அதிலிருந்து இரண்டு மூன்று எண் விலகி வருவதை மட்டும் எடுங்கள். தங்கம் வேண்டும், ஆனால் அலுமினியம் தோண்ட மாட்டேன் என்றால் தங்கம் கிடைக்காது.

மெல்லிய சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. கருவி அதை முழுச் சங்கிலியாகப் பார்ப்பதில்லை, தனித்தனிக் கண்ணியாகவே பார்க்கும். கொக்கி மட்டும் லேசாக முனகும். தொலைந்த சங்கிலியைத் தேடுகிறீர்கள் என்றால் மிகத் தாழ்ந்த எண்ணையும் விடாதீர்கள்.

## எண் தாவுகிறது, ஒலி இருந்த இடத்திலேயே இருக்கிறது

எண் நாலைந்துக்குள் ஆடினால் அது ஆட்டமே அல்ல, தோண்டலாம். அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்கும் தாவினால் பெரும்பாலும் இரும்பு; ஆனால் ஒலி மெல்லியதாகவும் இடம் மாறாமலும் இருந்தால் நிதானியுங்கள். ஆழம் கூடக்கூட மண்ணின் குரல் பொருளின் குரலோடு கலந்து எண்ணைக் கலைக்கும். நிமிர்ந்து நிற்கும் நாணயமும், ஒட்டிக் கிடக்கும் இரண்டு பொருளும் இதையே செய்யும்.

இங்கே உதவுவது அரைத் தோண்டல். புல்லை வேரோடு ஒரு கட்டியாக வெட்டி மூன்று பக்கம் பெயர்த்து மடக்குங்கள். ஒரு கை அகல ஆழத்துக்கு மண் நீங்கிய குழியில் மறுபடி வீசுங்கள். பொருள் நல்லதென்றால் எண் இறுகும். இரும்பென்றால் இன்னும் சிதறும்; கட்டியை மூடி மிதித்துவிட்டு நகருங்கள்.

ஒரே பொருளுக்கு இரட்டை ஒலி வந்தால் அது காயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. காயிலை ஒரு சாண் தூக்குங்கள். ஒற்றையானால் மேலோட்டமான சிறு பொருள், இரட்டையாகவே நின்றால் நீளமான இரும்பு.

## காதைக் கிழிக்கும் ஒலி

காயிலைத் தூக்குங்கள். நாணய அளவுப் பொருளின் குரல் ஒரு சாண் தூக்குவதற்குள் தேய்ந்துவிடும். 30 செ.மீ. தூக்கியும் குறையவில்லை என்றால் நசுங்கிய கேன், டப்பா, கலப்பை முனை, தகடு இப்படி ஏதோ ஒன்று. திரையிலுள்ள ஆழ மீட்டரை இங்கே நம்ப வேண்டாம். அது எல்லாவற்றையும் நாணயம் என்று நினைத்துக் கணக்கிடும், ஆழத்தில் கிடக்கும் பெரிய பொருளை மேலே கிடப்பதாகச் சொல்லும்.

அடுத்து எல்லையைத் தேடுங்கள். ஒலி தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் நான்கு பக்கமும் குறித்தால் பொருளின் அளவு கிடைக்கும். தட்டு அளவு என்றால் தோண்டுவது உங்கள் விருப்பம். நேர்கோடாக மீட்டர் கணக்கில் நீண்டுகொண்டே போனால் அது குழாய் அல்லது கேபிள். தோண்டவே வேண்டாம். ஏற்கெனவே தோண்டியிருந்து எச்சரிக்கை நாடாவோ, சன்னமான மணல் படுகையோ, வரிசையாக அடுக்கிய செங்கல்லோ தென்பட்டாலும் அத்தோடு நிறுத்துங்கள். அந்தப் பாதைக்குப் பொறுப்பான மின்சார, எரிவாயு அல்லது குடிநீர்த் துறையிடம் கேளுங்கள்.

## ஹெட்போனில் மட்டும் கேட்கும் மெல்லிய ஒலி

எல்லாத் திசையிலும் வருகிறதா? எண்ணைப் பார்க்காமல் தோண்டுங்கள். மற்றவர்கள் சலித்த நிலத்தில் மிச்சமிருப்பது இதுதான்.

## தோண்டினேன், ஒலி போய்விட்டது

பொருள் எங்கும் போகவில்லை, பெரும்பாலும் எடுத்த மண்ணில்தான் இருக்கிறது. குவியல் மேல் டிஸ்கிரிமினேஷன் இல்லாமல் வீசுங்கள். அங்கே இல்லையென்றால் பின்பாயிண்ட்டரை (குழிக்குள் தேடும் சிறு கைக்கருவி) ஒரு காசில் வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழியின் சுவர்களைச் சுற்றித் தடவுங்கள். நாணயங்கள் தரையில் இருப்பதைவிடச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது அதிகம். கொத்தி இடித்ததில் நாணயம் நிமிர்ந்து நின்றுவிட்டிருக்கலாம், அப்போது காயிலுக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரியும். குழியைச் சற்று அகலமாக்கி மறுபடி வீசுங்கள்.

குவியலும் குழியும் இரண்டுமே மௌனம் என்றால் மட்கிய இரும்பு. துரு மண்ணில் பரவிப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது, மண்ணைக் கலைத்ததும் கலைந்துபோனது. மண் செம்பழுப்பாக இருந்தால் சந்தேகமே இல்லை. மூடிவிடுங்கள்.

ஒலி போகாமல், தோண்டத் தோண்டக் கீழேயே இறங்குகிறதா? நாணயத்தை எட்டும் ஆழம் சாதாரணக் காயிலில் 20, 25 செ.மீ. அதைத் தாண்டியும் பலமாக ஒலித்தால் பெரிய பொருள். மேலே சொன்ன எல்லைச் சோதனைக்குத் திரும்புங்கள்.

## கொத்தியைக் கீழே வைக்க வேண்டிய இடம்

உருளை வடிவம், கூம்பு முனை, வாலில் இறக்கை, துருவுக்கு நடுவே செம்பு வளையம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது வெடிபொருள் என்றே கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்திருந்தாலும் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. தொடாதீர்கள், பின்பாயிண்ட்டரால் இடிக்காதீர்கள், மண்ணைத் தள்ளி மூடவும் வேண்டாம். சற்றுத் தள்ளி ஒரு அடையாளம் வைத்து, வந்த வழியே விலகி, தூரம் போன பிறகு காவல் துறையை அழையுங்கள். எலும்பு தெரிந்தாலும் காவல் துறைதான்.

ஒரே குழியில் இரண்டாவது, மூன்றாவது பழங்காசு வந்தால் கை தானாக வேகமெடுக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்ற ஊரில், தொலைந்த சுத்தியல் ஒன்றைத் தேடப் போனவருக்கு ரோமானியப் புதையல் கிடைத்தது. சில பொருள்களை எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, ஏறத்தாழ 15,000 நாணயங்களையும் பொன் வெள்ளிப் பொருள்களையும், அவை பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்ற தடயத்தோடு எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது. குழியைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, கிடைத்ததை அப்படியே விட்டு மூடி, நில உரிமையாளருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். எடுத்துவிட்ட காசைத் தேய்க்கவோ கழுவவோ வேண்டாம். ஒட்டிய மண்ணோடு ஒரு டப்பியில் போட்டு அப்படியே கொடுங்கள்.